ஒரே கேள்வியைத் தொடர்ந்து கேட்கும் வகுப்பு

(கட்டடக்கலைக் கல்வி குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கட்டடக்கலைக் கல்வி பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பரப்பு பெரிது. அதில் ஒரே ஓர் அறையை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அது ஸ்டுடியோ. ஐந்தாண்டுப் படிப்பில் வாரத்தின் பெரும்பகுதி நேரம் அங்கேதான் போகிறது. கட்டுமானப் பொறியியலை வகுப்பில் சொல்லித்தர முடியும். வரலாற்றைச் சொல்லித்தர முடியும். வடிவமைப்பை மட்டும் யாரும் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கற்பித்துவிட முடிவதில்லை. ஒரு தலைப்பைக் கொடுக்கிறோம். ஒரு மனையைக் காட்டுகிறோம். செய்து வா என்கிறோம். மாணவர் வரைகிறார், அழிக்கிறார், மாடல் செய்கிறார், ஜூரி என்னும் நடுவர் குழுவின் முன் நிற்கிறார். இந்தச் சுற்றிலிருந்து அவர் எதைக் கற்றுக்கொண்டு வெளியே போகிறார்?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் வரையும் விடையைக் காட்டிலும் ஆசிரியர் வைக்கும் கேள்விதான் கல்வியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் பெயரும் முகமும் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். அது ஒரு பருவத்தோடு செத்துப்போகாமல் அடுத்த ஆண்டு மாணவர் கைக்குப் போக வேண்டும். முதல் நிபந்தனையைப் பலரும் பேசியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஸ்டுடியோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் வேலையை வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

1. ஸ்டுடியோ வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் உருவான முறைதான் உலகின் பல கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு மூலம். தலைப்பு வரும். மாணவர் தனி அறையில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், சில மணி நேரத்துக்குள் முதல் வரைவைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வாரக்கணக்கில் அதை விரித்து வரையலாம். முதல் வரைவின் அடிப்படையிலிருந்து விலகினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். நடுவர்கள் கதவை மூடிக்கொண்டு வரைபடங்களைப் பார்ப்பார்கள். வரைந்தவருக்கு உள்ளே இடமில்லை. மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தருவதும், இளையவர் மூத்தவரின் ஷீட்டுக்கு மை தீட்டிக் கொடுப்பதும் அந்தப் பட்டறைகளின் வழக்கம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1868-இல் கட்டடக்கலை வகுப்புகளைத் தொடங்கியபோது இந்தப் பாரிஸ் முறையே அதற்கு முன்மாதிரி.

இந்த முறை கையையும் கண்ணையும் பழக்கியது. ஒரு பிளானைத் தெளிவாகச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தது. அதன் குறை தலைப்பில் இருந்தது. அரண்மனையும் அருங்காட்சியகமும் வரையச் சொன்னார்கள். அந்த அரண்மனைக்காக எங்கும் யாரும் காத்திருக்கவில்லை.

ஸ்டுடியோவில் கற்றல் எப்படி நடக்கிறது என்பதை ஆழமாகப் பார்த்தவர்களில் எம்.ஐ.டி. பேராசிரியர் டொனால்ட் ஷோன் முக்கியமானவர். 1983-இல் வந்த அவருடைய நூலில் ஒரு மாணவிக்கும் ஆசிரியருக்கும் மேசையருகே நடக்கும் உரையாடல் வருகிறது. மாணவிக்குப் பெட்ரா என்றும் ஆசிரியருக்குக் குவிஸ்ட் என்றும் புனைபெயர் வைத்திருக்கிறார். தலைப்பு, சரிவான நிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. கட்டடத்தின் வடிவம் சரிவோடு பொருந்த மறுக்கிறது, பெட்ரா தேங்கிப்போகிறாள். ஆசிரியர் விரிவுரை ஆற்றவில்லை. அவள் ஷீட்டின்மேல் டிரேசிங் தாளை விரித்து, பேசிக்கொண்டே வரைகிறார். முதலில் ஓர் ஒழுங்கைத் துணிந்து நிலத்தின்மேல் வை, பிறகு அதை நீயே உடைத்துக்கொள்ளலாம் என்கிறார். வகுப்பறைகளை ஒன்றுக்கொன்று உயர வேறுபாட்டோடு சரிவில் இறக்குகிறார். ஒவ்வொரு கோட்டுக்கும் நிலம் எதிர்பாராத ஒரு விளைவைக் காட்டுகிறது. அதைக் கவனித்து அடுத்த கோடு விழுகிறது. வடிவமைப்பு என்பது சூழலோடு நடத்தும் உரையாடல் என்று ஷோன் விளக்கியது இதைத்தான்.

இந்தப் பகுதியை மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும். படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மேசையில் சரிவு பேசியது, அளவு பேசியது. பள்ளிக்கு வரப்போகும் பிள்ளைகள் பேசவில்லை. அந்தப் பள்ளி கட்டப்படப்போவதில்லை என்பதால் அவர்கள் பேசவேண்டிய தேவையும் எழவில்லை. பருவம் முடிந்ததும் உரையாடல் முடிந்தது. நம் ஸ்டுடியோக்களில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. நல்ல ஆசிரியர், உழைப்பாளி மாணவர், நேர்மையான திருத்தங்கள் எல்லாம் இருந்தும், பேச வேண்டிய ஒருவர் மட்டும் அறையில் இல்லை.

2. நான்காவது சூளை

அலபாமாவுக்குப் போவோம். நான் சொன்ன ஸ்டுடியோவுக்கு முன், அதே மாநிலத்தின் பழைய பள்ளி ஒன்றைப் பார்ப்போம். 1881-இல், அடிமை முறை சட்டப்படி ஒழிந்து பதினாறே ஆண்டுகள் ஆன நிலையில், டஸ்கீகீ என்ற சிற்றூரில் கறுப்பின மாணவர்களுக்கான கல்வி நிலையம் ஒன்று தொடங்கியது. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். தங்கள் வகுப்பறையைத் தாங்களே கட்டிக்கொள்வதைப் படிப்பின் ஒரு பகுதியாக அவர் வைத்தார். கட்டச் செங்கல் வேண்டும். மாணவர்கள் மண் வெட்டி, பிசைந்து, அச்சில் அறுத்து, சூளை வைத்தார்கள். முதல் சூளை வீணானது. இரண்டாவதும் வீணானது. மூன்றாவது, வேகும் நாள்கள் முடியும் தறுவாயில் சரிந்தது. கையில் பணமில்லை. வாஷிங்டன் தம் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார். அது நின்றது. பிறகு அந்த வட்டாரத்து வெள்ளையரும் செங்கல் வாங்க அந்தப் பள்ளிக்கு வந்தார்கள் என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

எம்.ஐ.டி.யில் 1892-இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற ராபர்ட் டெய்லர், அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பினப் பட்டதாரி. பாரிஸ் வழியில் பயின்ற அவர் டஸ்கீகீக்கு வந்து ஆசிரியரானார். அவர் வரைந்ததை மாணவர்கள் தாங்கள் சுட்ட செங்கல்லால் எழுப்பினார்கள். 1898-இல் முடிந்த தேவாலயம் அவற்றுள் புகழ்பெற்றது.

சூளைக் கதையை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நான் வேறொரு காரணத்துக்காகச் சொல்கிறேன். எல்லாச் சூளைகளுக்கும் பின்னால் இருந்தது ஒரே தேவை. மூன்றாவது ஏன் சரிந்தது என்று பார்த்த கண்கள்தான் நான்காவதை அடுக்கின. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தலைப்புக்குத் தாவியிருந்தால் அந்தப் பள்ளியில் செங்கல் கிடைத்திருக்காது.

3. ஹேல் கவுண்டி

டஸ்கீகீயிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஆபர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கட்டடக்கலை கற்பித்த சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993-இல் ரூரல் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். வளாகத்தில் அதற்கு அறை ஒதுக்கவில்லை. மாணவர்களை ஹேல் கவுண்டிக்கு அழைத்துப்போனார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பின்னாளில் தலைமையிடமாக அமைந்த நியூபெர்ன், சில நூறு பேர்கூட இல்லாத ஊர்.

அந்த வட்டாரம் கரிசல் மண். பருத்தி விளைந்தது, அடிமைகளின் உழைப்பில் தோட்டங்கள் கொழித்தன, பிறகு குத்தகை விவசாயமும் கடனும் வந்தன. 1936-இல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸும் இங்கேதான் மூன்று ஏழைக் குத்தகைக் குடும்பங்களோடு வாழ்ந்து பதிவுசெய்தார்கள். மாக்பீ போனபோதும் ஒழுகும் கூரையும் குழாய்நீர் இல்லாத குடிசைகளும் இருந்தன.

மாக்பீ மிசிசிப்பியில் பிறந்தவர். 1980-களின் தொடக்கத்திலேயே ஒரு கன்னியாஸ்திரியோடு சேர்ந்து ஏழைகளின் வீடுகளைப் புதுப்பித்த அனுபவம் அவருக்கு உண்டு. கட்டடக்கலைஞர் ஒரு குடிமகனாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதைப் பேசிக் கற்பிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் மாணவர்களை ஒரு குடும்பத்தின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

முதல் வீடு 1994-இல் மேசன்ஸ் பெண்ட் என்ற குக்கிராமத்தில், பேரப்பிள்ளைகளை வளர்த்துவந்த முதிய தம்பதிக்காக எழுந்தது. வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சாந்து பூசிய சுவர்கள். வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், செலவும் குறைவு. அந்தத் தம்பதியின் நாள் முழுதும் வாசலிலேயே கழிவதைக் கண்ட மாணவர்கள், நீண்ட முகப்புத் தாழ்வாரத்தையே வீட்டின் முதன்மை அறையாக்கினார்கள். 1997-இல் இன்னொரு முதிய தம்பதிக்குக் கட்டிய வீட்டில் கூரை வண்ணத்துப்பூச்சியின் இறகுகளாக நடுவே தாழ்ந்து, மழைநீரை ஒரு தொட்டிக்குக் கொண்டுசேர்க்கிறது. சக்கர நாற்காலி தடையின்றிப் போக வர வழி வைத்தார்கள். 2000-இல் மேசன்ஸ் பெண்டின் பொது மண்டபத்தை இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் கட்டினார்கள். மண்ணைத் திமிசுகொண்டு இடித்த சுவர். அதன்மேல் பழைய இரும்புக் கடையில் வாங்கிய செவ்ரோலே கார்களின் முன்கண்ணாடிகளை மீன் செதில்போல் வேய்ந்த கூரைச் சரிவு.

இந்த மாணவர்கள் எதைக் கற்றார்கள் என்று எண்ணிப்பாருங்கள். செக்ஷனில் கோடாக இருக்கும் இறவாரம் அரை அடி குறைந்தால் அந்தப் பாட்டியின் நாற்காலி நனையும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது சக்கர நாற்காலியில் இருப்பவரின் அன்றாடம். ஜூரியில் திறமையாகப் பேசி ஒரு தவறை மறைக்கலாம்; குடியேறியவரிடம் மறைக்க முடியாது. ரசமட்டம் பிடித்துப் பார்க்கும்போது வரைபடத்தின் பொய் தெரிந்துவிடும். பட்டம் வாங்கிய பிறகும், தொடங்கிய கட்டடம் முடியாததால் சம்பளமின்றித் தங்கி வேலைசெய்த மாணவர்கள் அங்கே பலர். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கூரை போடாமல் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

மாக்பீக்கு 2000-இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 2001 டிசம்பர் இறுதியில், ஐம்பத்தேழு வயதில், இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 2004-இல் தன் தங்கப் பதக்கத்தை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது.

4. இருபதாயிரம் டாலர்

அவருக்குப் பின் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஃப்ரியர் பொறுப்பேற்றார். ஸ்டுடியோக் கல்விக்கு அந்த இடம் தந்த மிகப் பெரிய கொடை இந்தக் காலத்தில்தான் வந்தது என்பது என் துணிபு.

முதல் பத்தாண்டின் வீடுகள் ஒவ்வொன்றும் தனித்தன்மை கொண்டவை. படங்களில் பார்த்து உலகம் வியந்தது. ஆனால் மேசன்ஸ் பெண்டில் வைக்கோல் வீடு கட்டியதால் அடுத்த ஊரில் இன்னொரு வீடு எழவில்லை. கார்க் கண்ணாடி அதே விலைக்கு மறுபடி கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் புதிய அணி, புதிய பொருள், புதிய கண்டுபிடிப்பு என்றே போயிற்று. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு நல்ல வீடு கிடைத்தது. மற்றவர்கள் டிரெய்லர் எனப்படும் இழுவை வீட்டில்தான் இருந்தார்கள். டிரெய்லரின் மதிப்பு காரைப்போல் ஆண்டுதோறும் இறங்கும். வாங்கிய கடன் மட்டும் இறங்காது.

2005-இல் ஒரு புதிய கேள்வி வைத்தார்கள். அரசின் முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒருவரால், கிராமப்புற வீட்டுக் கடன் வாங்கி, மாதம் ஏறத்தாழ நூறு டாலர் கட்ட முடியும். அந்தத் தவணைக்கு எவ்வளவு விலையுள்ள வீடு வரும்? இருபதாயிரம் டாலர். பொருளுக்கு ஏறத்தாழ பன்னிரண்டாயிரம், கூலிக்கும் ஒப்பந்தக்காரர் லாபத்துக்கும் எட்டாயிரம். அந்தத் தொகைக்குள், உள்ளூர் ஒப்பந்தக்காரர் மறுபடி மறுபடி கட்டக்கூடிய, கௌரவமான வீட்டை வடிவமைக்க வேண்டும். ஸ்டுடியோவே அதை 20கே வீடு என்று அழைத்தது.

கேள்வியின் அமைப்பைக் கவனியுங்கள். தொகை ஆசிரியர் மனம்போல் வைத்த வரம்பு அன்று. ஒரு முதியவரின் மாத வருமானத்திலிருந்து வந்தது. அதனால் மாணவர் ஆணி வாங்கும்போதும் அந்த முதியவர் அறையில் இருக்கிறார்.

இந்தக் கேள்வியை அவர்கள் ஓர் ஆண்டில் விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் ஓர் அணி ஒரு வீட்டைக் கட்டியது. வீடு ஹேல் கவுண்டியில் தேவையுள்ள ஒருவருக்கு இலவசமாகப் போனது. அடுத்த அணி தன் வேலையை முந்தைய வீடுகளிலிருந்து தொடங்கியது. குடியிருப்பவர் கோடையை எப்படிக் கழித்தார், எந்தச் சன்னல் திறக்கப்படவே இல்லை, எங்கே மரம் வீணானது, எங்கே ஆள்கூலி எதிர்பார்த்ததைத் தாண்டியது என்று பார்த்தார்கள்.

அப்படிச் சேர்ந்த அறிவு சிறுசிறு முடிவுகளால் ஆனது. வீட்டைத் தரையோடு ஒட்டிக் கட்டாமல் குட்டைத் தூண்களின்மேல் தூக்கி நிறுத்தினால் காங்கிரீட் மிச்சம். அடியில் காற்றும் போகும். கடையில் கிடைக்கும் பிளைவுட் நான்கு அடிக்கு எட்டு அடி என்பதால், அந்த அளவின் மடங்குகளில் சுவரையும் கூரையையும் வகுத்தால் வெட்டி எறியும் துண்டு குறையும். சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் ஒரே பக்கமாக வந்தால் செலவு சுருங்கும். சன்னல்கள் எதிரெதிரே இருந்து, உட்கூரை உயர்ந்தால் சின்ன அறையும் மூச்சுவிடும். தாழ்வாரத்தை மட்டும் எந்த நெருக்கடியிலும் வெட்டக் கூடாது. அந்த ஊரில் மனிதர் மனிதரைச் சந்திப்பது அங்கேதான். இவற்றில் எந்த ஒன்றும் பத்திரிகை அட்டைக்கு ஏறாது. எல்லாம் சேர்ந்தால் ஏழை ஒருவர் வாங்கக்கூடிய நல்ல வீடு.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு பாடம் வந்தது. வீட்டின் விலை குறைந்ததே ஒரு தடையானது. இரண்டு லட்சம் டாலர் கடனுக்கு ஆகும் அலுவலக வேலைதான் இருபதாயிரம் டாலர் கடனுக்கும் ஆகிறது. வங்கிக்கு அதில் ஆர்வமில்லை. வழக்கத்துக்கு மாறான சிறிய அளவுகளைக் கட்டட விதிகளோடு பொருத்திக் காட்ட வேண்டியிருந்தது. 2016-இல் ஜார்ஜியா மாநிலத்தின் செரன்பி என்ற இடத்தில், மாணவர் கை படாமல், வணிக ஒப்பந்தக்காரரைக் கொண்டு இரண்டு வீடுகளைக் கட்டிப் பார்த்தபோது வரைபடங்களில் விளக்கம் போதாத இடங்கள் வெளிப்பட்டன. பின்னர், வீட்டு வசதி அமைப்புகளுக்கு வரைபடங்களையும் தொழில்நுட்ப உதவியையும் தரும் தனித் திட்டமாக அந்த வேலை விரிந்தது. கடன், காப்பீடு, மதிப்பீடு, மின்கட்டணம் எல்லாம் வடிவமைப்பின் பகுதி என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். முதல் ஆண்டிலேயே நிறுத்தியிருந்தால் இதைக் கண்டிருக்க முடியுமா? பத்தாம் ஆண்டில் எழும் கேள்வி முதல் ஆண்டு மாணவருக்குக் கண்ணில் படாது. அது அவர் திறமைக் குறைவன்று. அந்த இடத்துக்கு ஒருவர் மட்டும் நடந்து சேர முடியாது.

வீட்டில் மட்டும் இதைச் செய்யவில்லை. பெர்ரி லேக்ஸ் பூங்காவில் 2002-இல் ஓர் அணி மண்டபம் கட்டியது. அடுத்த ஆண்டு அணி கழிப்பறைகள், அதற்கடுத்தது பாலம், 2005-இல் வந்தவர்கள் பறவை பார்க்கும் கோபுரம். நியூபெர்னில் தீயணைப்பு நிலையம் கட்டியவர்களுக்குப் பின் வந்தவர்கள் அதன் பக்கத்திலேயே நகர மன்றத்தை அமைத்தார்கள். இன்னும் பின்னால் வந்தவர்கள் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை நூலகமாக்கினார்கள். ஒரு மாணவர் ஓரிரு ஆண்டில் போய்விடுகிறார். ஊர் அங்கேயே இருக்கிறது, ஆசிரியர்களும் அங்கேயே குடியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வோர் அணியும் முன்னோர் கட்டியதன் பக்கத்தில், அதற்கு மதிப்புக் கொடுத்து, தன் கட்டடத்தை நிறுத்த வேண்டியிருந்தது.

5. எழும் மறுப்புகள்

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஏழைகளை ஆய்வுப்பொருளாக்கி மாணவர்கள் பயிற்சி எடுக்கலாமா என்பது முதலாவது. பணம் உள்ளவர் வடிவம் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்பார். இலவசமாகப் பெறுபவர் அப்படிச் சொல்லத் தயங்குவார். இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. அதைக் குறைக்கும் வழி, திரும்பிப் போவது. கட்டியவர் அடுத்த ஆண்டும் வந்து நின்றால் குடியிருப்பவர் முதலாண்டு சொல்லத் தயங்கியதையும் சொல்லிவிடுவார். ஒரு பருவம் வந்து, படம் எடுத்து, சான்றிதழ் வாங்கிப் போகும் ஸ்டுடியோவுக்கு இந்த மறுப்பு முழுமையாகப் பொருந்தும்.

ஒரே கேள்வியைத் தொடர்ந்தால் மாணவரின் கற்பனை மழுங்காதா என்பது இரண்டாவது. வெற்றுத்தாளில் வித்தியாசமாக ஒன்றை வரைவது அத்தனை கடினம் இல்லை. ஏற்கெனவே நான்கு பேர் நன்றாகச் செய்த ஒன்றை எடுத்து, ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரிந்துகொண்டு, ஒரே ஓர் இணைப்பை அவர்களைவிட மேலாக்குவதற்கு மிகக் கூர்மையான கற்பனை வேண்டும். நம் தச்சர்களும் கொத்தனார்களும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த அறிவு இந்த வகையைச் சேர்ந்தது.

கட்டியே தீர வேண்டும் என்றால் எல்லாக் கல்லூரிக்கும் நிதி ஏது என்பது மூன்றாவது. நியாயமான கேள்வி. எல்லாரும் கட்ட வேண்டியதில்லை. முழு அளவில் ஒரு சுவர் மூலையை, ஒரு சன்னலை, ஒரு படியை மாதிரியாகச் செய்து பார்ப்பது எந்தக் கல்லூரி முற்றத்திலும் முடியும். தாளிலேயே நிற்கும் திட்டமும் தொடர்ச்சி இருந்தால் அறிவு சேர்க்கும்.

6. நம் ஸ்டுடியோவுக்கு

1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றம் வகுத்த வழியில் நம் நாட்டில் ஐந்தாண்டுப் படிப்பு நடக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வடிவமைப்புத் தாள். தலைப்பை வைக்கும் உரிமை பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான். ஒரு பருவம் வீடு, அடுத்தது பள்ளி, பிறகு மருத்துவமனை, விமான நிலையம் என்று ஏறிப் போகிறோம். பருவ முடிவில் ஷீட்டுகள் கட்டாகக் கட்டப்பட்டு அலமாரிக்கு மேலே போகின்றன. அடுத்த ஆண்டு மாணவர் அவற்றைத் தேடினால், பார்த்து வரைந்துவிடுவார் என்று நாமே மறைக்கிறோம். ஒரே மனையை ஐந்து ஆண்டு ஐந்து வகுப்புகள் ஆராய்ந்தாலும், ஐந்தாம் வகுப்புக்கு முதல் வகுப்பு கண்டது தெரியாது. மருத்துவமோ வேளாண்மையோ இப்படித் தன் நோயாளியையும் வயலையும் ஆண்டுதோறும் மறந்துவிட்டுத் தொடங்கினால் நாம் ஏற்போமா?

இந்த அவையின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு அருகில் உள்ள ஓர் ஊராட்சியையோ நகர வார்டையோ பத்தாண்டுக்குத் தேர்ந்துகொள்ளட்டும். ஆசிரியர் மாறினாலும் இடம் மாற வேண்டாம்.

இரண்டு: கேள்வி சிறியதாகவும், ஒரு மனிதரின் வாழ்விலிருந்து எழுந்ததாகவும் இருக்கட்டும். நமக்கும் இருபதாயிரம் டாலருக்கு நிகரான எண்கள் உண்டு. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். சமவெளிப் பகுதிக்கான உதவித்தொகை 1.20 லட்சம் ரூபாய் என்று அத்திட்டம் தொடங்கியபோது வகுத்தார்கள். தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் ரூபாய். லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த எண்களுக்குள்தான் வாழப்போகின்றன. அந்த 360 சதுர அடியில் மே மாத மதியத்தை எப்படிக் கழிப்பது, வயதுவந்த மகளுக்கு மறைவிடம் எங்கே, நெல் மூட்டையை எங்கே அடுக்குவது? பத்தாண்டு ஆராயத் தகுந்த கேள்வி இது.

மூன்று: ஒவ்வொரு வகுப்பும் ஒரு பதிவேட்டை விட்டுச் செல்லட்டும். அழகான ஷீட்டோடு, கைவிட்ட வரைவுகளும், அவற்றைக் கைவிட்ட காரணமும், விலைப்பட்டியலும், மேஸ்திரி சொன்ன மறுப்பும், குடியிருப்பவர் சொன்ன குறையும் அதில் இருக்கட்டும். பருவத்தின் முதல் இரண்டு வாரம் அந்தப் பதிவேட்டைப் படிப்பதும், முந்தைய மாணவர்களை அழைத்துக் கேட்பதும் பாடமாகட்டும்.

நான்கு: ஜூரியில் பேராசிரியர்களோடு அந்த வீட்டில் வாழப்போகிறவரும், அந்த ஊர்க் கொத்தனாரும் உட்காரட்டும். வரைபடத்தை அவர்களுக்கு விளங்கும்படி சொல்வதே மாணவருக்குப் பெரிய பயிற்சி. திண்ணையில் உட்கார்ந்து பேசும் அம்மாவிடம், இந்தத் திண்ணை ஏன் இந்த உயரம் என்று விளக்க முடியாதவருக்கு அந்த உயரம் இன்னும் பிடிபடவில்லை என்றே பொருள்.

ஐந்து: மதிப்பெண் முறையை மாற்றுங்கள். முந்தைய வகுப்பின் வேலையை எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டார், அதில் எதை ஏற்றார், எதை எந்தக் காரணத்தால் மாற்றினார், அடுத்தவருக்கு எதைத் தெளிவாக விட்டுச்சென்றார் என்பதற்குக் கணிசமான மதிப்பெண் கொடுங்கள். எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ அதைத்தான் மாணவர் மதிக்கிறார்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டாம். பெரிய நிதியும் வேண்டாம். இந்த அறக்கட்டளை போன்றவை ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு, ஓர் ஊர்ப் பதிவேட்டைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கலாம் என்று பணிவோடு சொல்கிறேன்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு சொல். உங்கள் பெயர் தனியாக ஒரு கட்டடத்தில் பொறிக்கப்பட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் நீங்கள் தொழிலுக்குப் போனதும் செய்யப்போகும் வேலையில் பெரும்பகுதி, வேறொருவர் தொடங்கியதைப் புரிந்துகொண்டு முன்னெடுப்பது. இன்னொருவர் முடிக்கும்படி ஒழுங்காக ஒப்படைப்பது. அதற்கான பயிற்சியை ஸ்டுடியோவிலேயே கேட்டு வாங்குங்கள். வரும் பருவத்தில் ஆசிரியர் தலைப்பு கொடுத்ததும், சென்ற ஆண்டு இதை யார் செய்தார்கள், அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்று முதலில் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், உங்கள் வகுப்பே அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை எழுதட்டும்.